போர்க்களத்துப் பொருள்களும் அவற்றுக்கு உரியவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் முதல் உலகப் போர்க் காலத்துப் பொருள்கள் ஒரு நாற்பது இருக்கின்றன. ஈய உருண்டைகள், சட்டைப் பொத்தான்கள், தோள்பட்டையில் குத்தும் பித்தளை எழுத்துகள், ஒரு கரண்டி, இரண்டு பதக்கங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி ஆறுவதற்குள் கேட்டுவிடும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிட்டேன். பெரும்பாலும் இது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஓடிய மேற்குப் போர்முனை பற்றியது. நம் ஊர்க்காரர்கள் வரும் இடங்களில் அவர்களும் வருவார்கள்.

இதையெல்லாம் நீங்களே தோண்டி எடுத்தீர்களா?

இல்லை. ஒன்றைக்கூடத் தோண்டவில்லை. பாதி, பழம்பொருள் விற்பவர்களிடம் வாங்கியது. சில, அந்தப் பக்கத்து விவசாயிகள் கொடுத்தது. பதக்கங்களில் ஒன்று நம் ஊர்க் காயலான் கடையில் கிடைத்தது. அதன் கதை கடைசியில்.

பெல்ஜியத்தின் ஈப்ர் நகரைச் சுற்றியுள்ள வயல்களில் தோண்டவே வேண்டியதில்லை. உழும்போது மேலே வந்துவிடும். குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும்போதும் ஆழத்தில் கிடப்பது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வரும். அங்கே இதை 'இரும்பு அறுவடை' என்கிறார்கள். நூறு வருடமாக அறுத்தும் தீராத விளைச்சல். வெடிக்காத பீரங்கிக் குண்டு கிடைத்தால் விவசாயி அதை வயல் ஓரத்தில், மின்கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுத் தகவல் சொல்கிறார். பெல்ஜிய ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வண்டியில் வந்து பொறுக்கிக்கொண்டு போகிறது. பால்காரர் மாதிரி. நான் முதலில் பார்த்தது ஒரு முள்ளங்கி வயல் ஓரத்தில்: சேறு அப்பிய இரண்டு குண்டுகள், பக்கத்தில் யாரோ விட்டுப்போன சைக்கிள். கிட்டே போக எனக்குத்தான் கால் வரவில்லை, அந்த ஊர்க்காரர்கள் அதைத் தாண்டிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

உலோகம் கண்டறியும் கருவியோடு போகலாமே என்று கேட்பார்கள். பிரான்சில் வரலாற்றுப் பொருள்களைத் தேடி அப்படிப் போக அரசு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இல்லாமல் போனால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் போகமாட்டேன். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

செத்தவர்களுடைய பொருள். மனசு உறுத்தாதா?

உறுத்தும். உறுத்தவில்லை என்று சொல்கிற சேகரிப்பாளரிடம் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

என் கணக்கு எளிமையானது. உடலோடு இருந்த எதையும் வாங்குவதில்லை. அடையாளத் தகடு, மோதிரம், பல், எலும்பு ஒட்டிய பூட்ஸ் எல்லாம் சந்தைக்கு வரத்தான் செய்கின்றன. ஒரு தகடு தனியாக விற்பனைக்கு வருகிறது என்றால், எங்கேயோ ஓர் உடல் அதன் பெயரை இழந்துவிட்டது என்றுதான் பொருள்.

பிரான்சில் ஃப்ரோமெல் என்றொரு சிற்றூர். 1916 ஜூலை 19 இரவு அங்கே நடந்த தாக்குதலில் ஆஸ்திரேலியர்கள் ஒரே இரவில் 5,533 பேரை இழந்தார்கள். இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து. ஜெர்மானியர்கள் தங்கள் பக்கம் விழுந்து கிடந்தவர்களை ஒரு காட்டோரம் குழிகளில் புதைத்தார்கள். 2009இல் தொல்லியல் முறைப்படி அந்தக் குழிகளைத் திறந்தபோது 250 உடல்கள். ஒருவருடைய பொருள்களுக்கு நடுவே ஒரு ரயில் சீட்டு இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து பெர்த்துக்கு, திரும்பி வருவதற்கான பாதி.

போய்விட்டு வந்து அந்தப் பாதியை நீட்டலாம் என்று மடித்து வைத்திருக்கிறான். அந்தச் சீட்டு எந்த உடலோடு, எந்தக் குழியில், எந்தப் பக்கம் கிடந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு எடுத்தார்கள். அதனால்தான் அது ஒரு மனிதனின் சீட்டாக நிற்கிறது. ராத்திரி டார்ச்சும் மண்வெட்டியுமாக வந்த ஒருவன் பித்தளைக் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு மீதியைக் கிளறிவிட்டுப் போயிருந்தால் சீட்டும் போயிருக்கும், ஆளும் போயிருப்பான். அந்த 250 பேரில் 150க்கும் மேற்பட்டவர்களுக்கு மரபணுச் சோதனையும் இப்படிச் சின்னச் சின்னப் பொருள்களும் சேர்ந்து பெயரைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன.

அடையாளத் தகடு இருந்ததே, பிறகு ஏன் இத்தனை கல்லறைகளில் பெயர் இல்லை?

இதற்குக் காரணம் குண்டு மட்டும் அல்ல, ஒரு நிர்வாகத் தப்பும்தான். போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரே ஒரு தகடு. ஒருவன் செத்துவிட்டான் என்று மேலிடத்துக்குச் சொல்லத் தகட்டைக் கழற்றி அனுப்ப வேண்டும். கழற்றியதும் உடலில் பெயர் இல்லை. இறந்தான் என்பது அலுவலகத்துக்குத் தெரியும், இங்கே கிடப்பது அவன்தான் என்பது யாருக்கும் தெரியாது. இது புரிந்து, இரண்டு தகடு கொடுக்க உத்தரவு வந்தது 1916 செப்டம்பரில். அதற்குள் பிரான்சின் சொம் ஆற்றுப் பகுதியில் நடந்த பெரும் போர் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. புது ஏற்பாட்டில் வட்டமான சிவப்புத் தகட்டை எடுத்துக்கொள்ளலாம், எண்கோணப் பச்சைத் தகடு உடலோடு இருக்க வேண்டும்.

சரி, அப்புறமாவது தீர்ந்ததா என்றால் இல்லை. அந்தத் தகடுகள் உலோகம் அல்ல, அழுத்திய நார் அட்டை. ஈப்ர் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் களிமண்ணில் மக்கிப்போயின. ஜெர்மானியர்களுடையது துத்தநாகம். நடுவில் உடைத்து, பாதியை எடுத்துப் பாதியை விட்டுவிடலாம். இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அதனால் இன்று ஓர் உடல் கிடைத்தால் மற்றதைப் பார்க்கிறார்கள். தோள்பட்டை எழுத்து எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும். தொப்பி முத்திரையும் சொல்லும், ஆனால் அதைச் சிப்பாய்கள் மாற்றிக்கொள்வார்கள், நம்ப முடியாது. என் அலமாரிக் கரண்டி இந்த விஷயத்தில்தான் சுவாரசியம். காலில் சுற்றும் துணிப்பட்டைக்குள் கரண்டியைச் செருகிவைப்பது அவர்கள் வழக்கம். தொலையாமல் இருக்கக் காம்பில் தன் எண்ணைக் குத்தி வைப்பார்கள். கஞ்சி குடித்த கரண்டி ஓர் ஆளை மீட்டுக் கொடுத்த கதைகள் உண்டு. என்னுடைய கரண்டியில் எண் இல்லை. இருந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டேன்.

பெயர் கிடைக்காதவர்களின் கல்லில் 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்று இருக்கும். அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தவர் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். அவருடைய மகன் 1915இல் பிரான்சில் நடந்த லூஸ் போரில் காணாமல் போனவன். கிப்ளிங்கின் வேறு கருத்துகள் எனக்கு ஒத்துவராது. இந்த வரியில் அவரோடு சண்டை இல்லை.

வயலில் கிடக்கும் குண்டைத் தொடலாமா? நூறு வருடம் ஆகிவிட்டதே?

தொடவே கூடாது. வயதாக ஆகப் பாதுகாப்பு கூடுவதில்லை, குறைகிறது. உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கும், வெளியே இருக்கும் இரும்பும் மூக்கில் இருக்கும் திரியும்தான் அரித்துப்போகும். 2014 மார்ச்சில் ஈப்ர் நகரில் கட்டட வேலை நடந்த இடத்தில் முதல் உலகப் போர்க் குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் தொடங்கி அப்போது சரியாக நூறாவது வருடம். சில குண்டுகளில் இருப்பது விஷவாயு, அவை வெடிக்கக்கூட வேண்டாம், கசிந்தாலே போதும்.

அப்படியானால் தொடக்கக்காரர் எதை வாங்கலாம்?

ஈய உருண்டை. விலை குறைவு, ஆபத்து இல்லை, போலி செய்து லாபமும் இல்லை. பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கியின் ஒரு குண்டுக்குள் இப்படிச் சுமார் 375 உருண்டைகள் இருக்கும். தலைக்கு மேலே வந்து வெடித்து மழையாகக் கொட்டும். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கோலிக்குண்டைவிடச் சிறியது. அதன் கனம் கையில் இறங்கும்போது புத்தகத்தில் படித்தது எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். சிலவற்றில் ஒரு பக்கம் தட்டையாகி இருக்கும். எதிலோ பட்டிருக்கிறது. எதில் என்று நான் யோசிப்பதில்லை. பொய், யோசிப்பேன்.

பித்தளைக் குண்டு உறையில் பூ வேலை செய்து ஜாடியாக்கியது நிறைய வரும். பதுங்குகுழியில் உட்கார்ந்து சிப்பாய் தட்டியது என்று விற்பார்கள். பதுங்குகுழியில் சுத்தியலால் டங் டங்கென்று தட்டினால் எதிரி சும்மா இருப்பானா? பெரும்பாலானவை பின்வரிசைப் பட்டறைகளில் செய்தவை, அல்லது போர் முடிந்தபின் சுற்றுலா வந்தவர்களுக்காக உள்ளூர்க்காரர்கள் செய்தவை. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. இடிந்த ஊருக்குத் திரும்பியவர்கள் கிடைத்த பித்தளையை வைத்துப் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் விற்பவர் சொல்லும் கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

பதக்கம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முகத்தை அல்ல, விளிம்பை. முதல் உலகப் போரின் வட்டமான பிரிட்டிஷ் பதக்கங்களில் பெற்றவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் குத்தப்பட்டிருக்கும். போர்ப் பதக்கத்தின் முகத்தில் அரசர் இருப்பார், லட்சக்கணக்கான பதக்கங்களில் அதே அரசர். விளிம்பில் இருப்பவர் ஒருவரே.

விளிம்பை அரத்தால் ராவி வேறு பெயர் குத்தும் வேலை உண்டு. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் 36 மில்லிமீட்டர் விட்டம். வெர்னியர் காலிப்பர் வைத்து நாலு திசையிலும் அளந்தால் ராவிய இடம் காட்டிக்கொடுத்துவிடும். பளபளவென்று தேய்த்துக் கொடுக்கிறேன் என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒருவர் அன்போடு தேய்த்துக் கொடுத்ததில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது. அந்த இரண்டு இலக்கத்தோடு ஆளைத் தேடும் வழியும் போயிற்று.

போர்ப் பதக்கம் வெள்ளி, வெற்றிப் பதக்கம் வெண்கலம். 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது வெள்ளிப் பதக்கங்கள் நிறைய உருக்குக் கலத்துக்குப் போயின. தொழிலாளர் படையில் போன இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் மால்டாக்காரர்களுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில்தான் கிடைத்தது. மண் சுமந்தவனுக்கு வெள்ளி எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல.

துருவை எப்படி எடுப்பது?

முடிந்தவரை எடுக்காதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தட்டி, நன்றாக உலரவிட்டு, ஈரம் படாமல் வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் சேர்த்து வையுங்கள். கடற்காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா.

இந்தியச் சிப்பாய் ஒருவரின் பெயர் கிடைத்தால் எப்படித் தேடுவது?

முதல் இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு. 1917இல் தொடங்கிய அமைப்பு, இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் நினைவைப் பேணுகிறது. பெயரைப் போட்டால் கல்லறையோ நினைவுச் சுவரோ வரும். போர்க் கைதியாக இருந்திருந்தால் செஞ்சிலுவைச் சங்கத்தின் 1914-18 கைதிகள் பதிவேடும் இணையத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், முழுப் பணிக் கோப்பும் கிடைக்கும். பிரிட்டிஷ்காரர் என்றால் பாதிக்குமேல் கிடைக்காது. 1940இல் லண்டனில் விழுந்த குண்டில் அந்தக் கோப்புகள் எரிந்துபோயின. ஒரு போரின் காகிதத்தை அடுத்த போர் தின்றுவிட்டது.

இந்தியர் என்றால் நெஞ்சைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு தேடுங்கள். பிரான்சில் நிலைமை பரவாயில்லை. நவ் ஷபேல் என்ற இடத்தில் 1927இல் திறந்த இந்திய நினைவகத்தில், அசோகத் தூண் சாயலில் நிற்கும் தூணைச் சுற்றிய வட்டச் சுவரில், 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஆனால் மெசொப்பொத்தேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்குப் போனவர்கள்? 1929இல் திறந்த பஸ்ரா நினைவகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் படைப்பிரிவின் பெயரும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும். போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப் பல்லாயிரம் ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாடு காக்கப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்தது. அவன் பக்கத்தில் நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயின் பெயரையும் அதில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பு ஒரு நாய்க்குக் கிடைத்தது, 1929இல் ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

நம் ஊர்களிலும் அதே கதை உண்டு. பழைய கிராமச் சாவடி, பள்ளிச் சுவர் என்று எங்காவது ஒரு சலவைக்கல் பதித்திருப்பார்கள்: இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில். எண்ணிக்கை மட்டும். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு அடித்து மறைப்பதற்குள் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சென்னையில் பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மதராஸ் மீது குண்டு வீசி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அந்தக் குண்டின் சிதறலைக் கோட்டை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 'அவன் சரியான எம்டன்' என்று நாம் சொல்வது அந்த இரவின் மிச்சம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கும் ஒரு காலை நேரம் போய் வாருங்கள். அங்கே புதைக்கப்பட்டவர்கள் இரண்டாம் உலகப் போர்க்காரர்கள். பின்பக்கம் 1914-1918 நினைவிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், இந்தியாவெங்கும் கவனிப்பாரற்ற கல்லறைகளில் கிடப்பவர்களுடையவை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

நூறு வருடம் கடந்த பொருளை நீங்களாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, 1972 தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. தோட்டா எதையும் விமானத்தில் கொண்டுவர நினைக்காதீர்கள். காலி உறைதான், நினைவுப் பொருள்தான் என்று பாதுகாப்பு அதிகாரியிடம் விளக்கிக்கொண்டு நிற்கும் இரவு நல்ல இரவாக இருக்காது.

இலங்கைப் போர் நடந்த மண்ணில் கிடைப்பதைச் சேகரிக்கலாமா?

கூடாது. அங்கே அது இன்னும் பழம்பொருள் ஆகவில்லை, சாட்சியம். முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டியதில் சீருடைத் துணிகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. ஒரு தகட்டுக்காகக் காத்திருக்கும் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாள். கண்ணிவெடி வேறு. எதையாவது கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு தெரிவியுங்கள்.

அந்தக் காயலான் கடைப் பதக்கம்?

வேலூரில் ஒரு காயலான் கடை. உடைந்த குழாய், பூட்டு, குத்துவிளக்கின் அடிப்பாகம் கிடந்த சாக்குக்குள் இருந்தது. இறக்கை விரித்த பெண் உருவம். பின்பக்கம், நாகரிகத்துக்கான பெரும் போர் என்று ஆங்கிலத்தில். வெற்றிப் பதக்கம். பித்தளை எடைக்குத்தான் கொடுத்தார். எங்கள் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்றவர் காலமாக இருந்தால் ஒரு கைப்பிடிப் பழத்துக்குப் போயிருக்கும்.

வெற்றிப் பதக்கத்தைத் தனியாக யாருக்கும் கொடுக்கவில்லை, வெள்ளிப் பதக்கம் வாங்கியவருக்குத்தான் இதுவும். ஆகவே அந்த வீட்டில் ஒரு காலத்தில் இரண்டு இருந்திருக்கின்றன. வெள்ளி எப்போதோ தட்டான் பட்டறைக்குப் போயிருக்கும். ஒரு கொலுசாகவோ அரைஞாணாகவோ.

விளிம்பில் எண் இருக்கிறது, சிப்பாய் என்று இருக்கிறது, பெயர் இருக்கிறது, படைப்பிரிவு 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறக்கிவிடப்பட்ட படை அது. வாரக்கணக்கில் நெரிசலான கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்களை நேரே தோட்டங்களுக்குள் அனுப்பினார்கள். எதிரே எண்ணிக்கையில் மிகக் குறைந்த ஜெர்மானியப் படை, ஆனால் இடம் தெரிந்த படை. மரத்திலிருந்து கலைந்த தேனீக்கள் வேறு. 63ஆம் படை சிதறி ஓடியது என்று ஆங்கிலேயர் எழுதிவைத்தார்கள். படகில் ஏறித் திரும்பும்போது துப்பாக்கியையும் தோட்டாவையும் கரையில் விட்டுவிட்டு வந்தது மொத்தப் படையும்தான். பழி மட்டும் சிலர் தலையில்.

இவர் டாங்காவில் இருந்தாரா, பின்னால் சேர்ந்தவரா என்பதைப் பதக்கம் சொல்லாது. இறந்தவர் பதிவேட்டில் அந்த எண்ணில் யாரும் இல்லை. அதனால் திரும்பி வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். பெயரை இங்கே போடவில்லை. போட்டால் நாலு பேர் எங்கள் தாத்தா என்று வருவார்கள், நான் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று தெரிந்தவர் கேட்டால் காட்டுவேன். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரைத் தமிழில் மூன்று விதமாகப் படிக்கலாம் என்பது கூடுதல் சிக்கல்.

வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டைப் பக்கம் இரண்டு முறை போய்க் கேட்டேன். ஒரு பாட்டி பதக்கத்தை வாங்கி முந்தானையில் துடைத்தார். தேய்க்காதீங்க பாட்டி என்று சொல்ல வாய் வரவில்லை. இது எங்க ஆளு இல்லப்பா, ஆனா வெச்சிரு, யாராவது வருவாங்க என்று திருப்பிக் கொடுத்தார். அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது.